பதினோராவது பொருத்தம்

நம் நாட்டில் கல்யாணம் பேசும்போது பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். தினம், கணம், மகேந்திரம் என்று தொடங்கி ரஜ்ஜு, வேதை என்று முடியும் அந்தக் கணக்கு. நாடியையும் சேர்த்துச் சொல்லும் ஜோதிடர்கள் உண்டு. அந்த வழக்கை அவர்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளட்டும். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் தொல்காப்பியர் இருக்கிறார். தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவை என்று மெய்ப்பாட்டியலில் அவரும் பத்தைத்தான் சொல்லியிருக்கிறார். பிறப்பு, வயது, உருவம், அருள், உணர்வு, செல்வம் என்று போகிறது அந்தப் பட்டியல்.

இரண்டு பட்டியலிலும் இல்லாத ஒன்றை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தமக்குப் பிடித்தது வரப்போகிறவருக்கும் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். வரன் தேடும் விளம்பரங்களைப் பாருங்கள். நட்சத்திரத்துக்கும் சம்பளத்துக்கும் பக்கத்திலேயே, பிரயாணத்தில் விருப்பம், விளையாட்டில் ஆர்வம், சங்கீதத்தில் ஈடுபாடு என்றெல்லாம் எழுதியிருக்கிறது. பெரியவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயமல்ல இது. கேள்வி நியாயமானது. ஒரே பொருளை இருவர் ரசிப்பதால் அன்பு வளர்கிறதா? அல்லது அன்பு இருப்பதால்தான் இருவரும் ஒரே பொருளை ரசிக்க முடிகிறதா? இரண்டும் இல்லாமல், ஒருவருடைய ரசனைக்கு மற்றவர் வரி கட்டுவதைத்தான் நாம் ஒத்த ரசனை என்று அழைக்கிறோமா?

இதைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் ஆறுமுகநேரியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிகள் நினைவுக்கு வருகிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்களுக்கு ஆறுமுகநேரி தெரியும். பஸ்ஸின் ஜன்னலில் உப்பளங்கள் தெரியும். வெயிலில் கண் கூசும். உப்புக் குவியல்கள் ஓலைப் போர்வை போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். அடுத்த ஊர் காயல்பட்டினம். அங்கே கால்பந்து என்றால் உயிர். அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு விளையாட்டு என்றாலே கால்பந்துதான். ஹாக்கி மட்டையைக் கண்டால் அது விறகா, ஊன்றுகோலா என்று கேட்பார்கள்.

நான் சொல்லும் மனிதர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய மனைவிக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டி. இரண்டும் இன்றைக்கு ஒரே மாவட்டம்தான். ஆனால் கடற்கரை மணலுக்கும் கரிசல் மண்ணுக்கும் உள்ள தூரம் பஸ் கட்டணத்தால் அளக்கக்கூடியதல்ல. கோவில்பட்டி என்றதும் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் ஊரைச் சேர்ந்தவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஹாக்கியைச் சொல்வார்கள். சிலர் முதலாவதாகவே சொல்வார்கள். கரிசல் தரையில் பந்தடித்துப் பழகிய ஊர் அது. இப்போது அங்கே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அணிகள் வந்து ஆடுகின்றன. 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன் அந்த ஊர்ப் பிள்ளை.

அந்த அம்மாள் பள்ளிக்கூட நாளில் ஹாக்கி ஆடியவர்.

1980 ஹாக்கிக்கு மறக்க முடியாத ஆண்டு. மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் அணி தங்கம் வாங்கியது. தலைவர் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது. பலருக்குத் தெரியாதது வேறு ஒன்று: பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம் பெற்றதும் அதே மாஸ்கோவில்தான். நம் பெண்கள் நான்காவதாக வந்தார்கள். அப்போது அந்த அம்மாளுக்குப் பதினாறு வயது இருக்கலாம். ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு மறுநாள் மட்டையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியதாகச் சொல்லியிருக்கிறார். நாலு வருஷம் கழித்துக் கல்யாணம். மட்டை கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டது. அவர் மட்டும் ஆறுமுகநேரிக்கு வந்தார்.

புதுப் பெண்டாட்டிக்கு ஹாக்கி பிடிக்கும் என்று தெரிந்ததும் கணக்குப்பிள்ளை என்ன செய்தார்? அடுத்த கோடையில் அவரைக் கோவில்பட்டிக்கு ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். கேட்பதற்கு இது சாதாரணமாக இருக்கும். உப்பளத்தை அறிந்தவர்களுக்கு அப்படி இராது. வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. மழைக்காலத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஊர் சுற்றலாம். கோடைதான் உப்பு விளையும் காலம். சித்திரை, வைகாசி வெயிலில் கணக்குப்பிள்ளை ஒரு வாரம் லீவு கேட்டால், சம்சாரி அறுவடை நாளில் யாத்திரை கிளம்பிய மாதிரி. முதலாளியிடம் வசவு வாங்கிக்கொண்டு, சம்பளத்தையும் விட்டுவிட்டுத்தான் அவர் போனார். அதற்குப் பிறகும் வருஷாவருஷம் போனார். தூத்துக்குடியில் பஸ் மாறி, எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி. அவர்களுக்கு அதுதான் உல்லாசப் பிரயாணம், அதுதான் கொடைக்கானல், அதுதான் காஷ்மீர்.

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு ஹாக்கியில் என்ன ருசி? பெண்டாட்டிக்காகப் பிடித்த மாதிரி நடித்திருக்கிறார். அது போலி ரசனை" என்றார்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பிறர் சொல்லித் தராமல் நமக்குத் தானாகப் பிடித்தது எது என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். காபியின் கசப்பு முதல் வாயிலேயே இனித்ததா? பாகற்காயை எந்தக் குழந்தையாவது கேட்டு வாங்கித் தின்றதுண்டா? அம்மா முனகிய ராகம் பிள்ளைக்குப் பிடிக்கிறது; அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்குப் பிடிக்கிறது. நம் ரசனைகளில் பெரும்பங்கு நாம் நேசித்தவர்களிடமிருந்து வந்த சீதனம். அன்புக்காகத் தொடங்கியது என்பதாலேயே ஒரு விருப்பம் பொய்யாகிவிடாது. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால்தான் பொய்.

நடிப்பா, நிஜமா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை உண்டு. அந்த இன்னொருவர் பக்கத்தில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். 2021-இல் டோக்கியோவில் நம் ஆண்கள் அணி வெண்கலம் வாங்கிய அன்று, அம்மாள் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். கணக்குப்பிள்ளை தனியாக டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முடிந்தபோது, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறார். கேட்க யாரும் இல்லாத வீட்டில் யாருக்காக நடிப்பது?

ஆகவே, கற்றுக்கொண்ட ரசனை போலி என்ற வாதம் நிற்காது. ஆனால் இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று பின்னால் நிற்கிறது. கற்றுக்கொள்வது எப்போதும் யார்?

இந்தக் கதையில் கணவர் கற்றுக்கொண்டார். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் அப்படி நடப்பதில்லை. அவருக்குக் கிரிக்கெட் பிடிக்கும், ஆகவே அவளுக்கும் பிடிக்கும். அவருக்கு மலைப் பிரதேசம் பிடிக்கும், ஆகவே அவளும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாள். "எங்கள் ரெண்டு பேருக்கும் பிரயாணம் என்றால் உயிர்" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சாதம் கட்டுவது யார், திரும்பி வந்ததும் அழுக்குத் துணி மூட்டையை அவிழ்ப்பது யார் என்று விசாரித்தால், அந்த உயிர் எத்தனை பேருடையது என்று தெரிந்துவிடும். ஓர் இன்பத்தை இருவருக்கும் பொது என்று சொல்லுமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். தேர்ந்தெடுத்தது யார்? உழைத்தது யார்? ஓய்வெடுத்தது யார்? மூன்றுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதலுக்கும் மூன்றாவதற்கும் ஒரு பெயரும், நடுவில் உள்ளதற்கு இன்னொரு பெயரும் வந்தால் அதைவிட மோசம்.

பிரயாணத்தைப் பொறுத்தவரை நம் பழைய வழக்கம் பெண்ணுக்குக் கதவையே சாத்தியிருந்தது. கடல் கடந்து செல்லும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்வதில்லை என்று தொல்காப்பியரே வழக்கைக் குறித்திருக்கிறார். எங்கள் கடற்கரையில் அது இலக்கணமாக மட்டும் இருக்கவில்லை. கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போன ஆண்களின் வீடுகள் இங்கே எத்தனையோ உண்டு. அவர்கள் கப்பலேறினார்கள், பெண்கள் காத்திருந்தார்கள். கணவன் திரும்பி வரும் நாள்தான் அந்தப் பெண்களுக்கு விடுமுறை. அவன் கண்ட ஊர்களை அவள் அவனுடைய பேச்சில் கண்டாள்.

இந்த வழக்கத்தை உடைத்த தம்பதிகள் என்று கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய விஜயனையும் மோகனாவையும் சொல்லலாம். பத்திரிகைகளில் அவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சின்னக் கடை. அதில் வரும் வருமானத்திலிருந்து நாளுக்கு 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். உலகத்தில் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போய் வருவார்கள். பிறகு வருஷக் கணக்கில் டீ ஆற்றி அந்தக் கடனை அடைப்பார்கள். அடைத்த கையோடு அடுத்த கடன். 2007-இல் தொடங்கி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பினார்கள். அடுத்த மாதம் விஜயன் காலமானார்.

கடன் வாங்கி ஊர் சுற்றுவதா என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கடன் வாங்கிச் சீர் செய்வதையும், கடன் வாங்கி ஊருக்கு விருந்து போடுவதையும் பெருமை என்று நினைக்கும் சமூகம், கடன் வாங்கி உலகத்தைப் பார்ப்பதை மட்டும் ஊதாரித்தனம் என்பது வேடிக்கை. என் கவனம் வேறொன்றில் நின்றது. அந்தக் கடையில் இருவரும் வேலை செய்தார்கள். மோகனாவின் கையும் அந்தக் கடையில் உழைத்த கைதான். என் மூன்று கேள்விகளுக்கும் அங்கே இரண்டு பெயர் பதிலாக வருகிறது. அவர்கள் பார்த்த நாடுகளின் எண்ணிக்கையைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மறுபடியும் ஆறுமுகநேரிக்கு வருவோம். என் மூன்று கேள்விகளை அந்தக் கணக்குப்பிள்ளையிடம் ஒருநாள் சொன்னேன். தனக்குச் சாதகமாகத்தான் பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தது மனைவி. சம்பளத்தை விட்டது அவர். கோவில்பட்டியில் இருவருக்குமே ஓய்வு. அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அண்ணாச்சி, முப்பத்தெட்டு வருசமா அவ பக்கத்துல உக்காந்து ஆட்டம் பாக்கேன். ஆனா அவ ஆடி நான் ஒருநாள்கூடப் பாத்ததில்ல."

இந்த விஷயத்தில் நான் கேட்ட வார்த்தைகளிலேயே கனமான வார்த்தை இதுதான். நாம் எதைத் தாம்பத்தியத்தின் சுகம் என்று கொண்டாடுகிறோமோ, அது சில சமயம் ஒரு பெரிய இழப்புக்குக் கொடுத்த சின்ன ஈடாக இருந்துவிடுகிறது. ஆடியவளைப் பார்வையாளராக்கிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் கைதட்டுகிறோம். அதை அந்த மனிதர் செய்யவில்லை. அவர் காலத்து ஊரும் உறவும் செய்தன. கல்யாணமான பெண் மட்டை எடுத்து ஓடுவதை 1984-இல் எந்தத் தெரு பொறுத்துக்கொண்டிருக்கும்? ஆனாலும் அந்தக் கணக்கில் தன் பெயரும் ஓரமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். உப்புக் கணக்கு எழுதிய கை; பற்றையும் வரவையும் கலக்கத் தெரியாத கை.

இழந்ததற்கு உடனிருந்து பார்த்தது ஈடாகுமா? ஆகாது என்பதே என் எண்ணம். ஆனால் ஈடாகாது என்று தெரிந்துகொண்டே ஒருவர் வருஷாவருஷம் கூட வந்து உட்கார்வதற்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னதில் அன்பு இருக்கிறது. பின்னதில் வசதி மட்டுமே இருக்கிறது.

அந்தத் தம்பதிகளின் பிரயாணங்களில் மிகத் தூரமானது டொராண்டோ. மகன் அங்கே வேலையில் இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் போனார்கள். உப்பளத்து வெயிலிலேயே வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பனி எப்படி இருந்திருக்கும்! முதலில் அதையும் உப்பு என்றுதான் கண் நம்பியதாம். பேரன் அங்கே பிள்ளைகளோடு ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அந்த நாட்டில் அது சாமான்ய விஷயமல்ல. 1875-இல் மான்ட்ரியல் நகரில் கூரைக்கு உள்ளே முதல் பந்தயம் நடந்தது. 1994-இல் அதைக் குளிர்கால தேசிய விளையாட்டு என்று சட்டமே போட்டார்கள்.

ஹாக்கி என்ற பெயரைக் கேட்டதும் அம்மாள் தெம்பாகத்தான் போய் உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் அவருடைய சாஸ்திரம் எல்லாம் சறுக்கிவிட்டது. பதினொரு பேர் இல்லை; கோல் காப்பவரையும் சேர்த்து ஆறு பேர். பந்தே கிடையாது, மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வட்டு. நம் மட்டையில் தட்டையான பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். அங்கே இரண்டு பக்கத்தாலும் அடிக்கிறார்கள். சுவரில் மோதித் திரும்பி வந்தாலும் ஆட்டம் நிற்பதில்லை. கோலுக்குப் பின்னால் போயும் ஆடுகிறார்கள்.

"அன்னைக்குத்தான் அண்ணாச்சி அவளும் நானும் ஒரே வகுப்புல உக்காந்தோம்" என்றார் கணக்குப்பிள்ளை. "அதுவரைக்கும் அவ வாத்தியார், நான் பையன்."

பிரயாணம் தம்பதிகளுக்கு ஏன் நல்லது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ராஜ்யம் உண்டு. அடுப்படியில் ஒருவர் அதிகாரி. வாசலுக்கு வெளியே மற்றவர் அதிகாரி. மொழி தெரியாத ஊரில், வழி தெரியாத தெருவில், விதி தெரியாத ஆட்டத்தின் முன்னால் அந்த ராஜ்யங்கள் செல்லாது. இருவரும் ஒருவரையொருவர் "இது என்ன?" என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் கல்யாணமான மறு வருஷத்தோடு அந்தக் கேள்வி நின்றுபோய்விடுகிறது. கோட்டைகளையும் அருவிகளையும் பார்த்துவிட்டு வருகிறோமே, அவற்றின் பலன் பாதிதான். மனைவிக்கும் தெரியாதது உண்டு, கணவனுக்கும் தெரியாதது உண்டு என்று இருவரும் ஒரே சமயத்தில் காண்பது மறு பாதி.

டொராண்டோவிலிருந்து அம்மாள் கொண்டுவந்த வியப்பு வேறு. அந்த நகரத்துப் பெரிய அணியான மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967-இல். அதன் பிறகு பிறந்தவர்கள் தாத்தா ஆகிவிட்டார்கள். இருந்தும் அந்த அணியை ஊர் கைவிடவில்லையாம். தாத்தாவும் பேரனும் ஒரே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார்களாம். "ஜெயிச்சாத்தான் பிடிக்கும்னா அது பிடிக்கிறது இல்லையே" என்றார் அந்த அம்மாள். தாம்பத்தியத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் அப்படியும் எடுத்துக்கொண்டேன்.

2025-இல் ஐக்கிய அரபு நாட்டு அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கியில் நம் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. பெரும்பாலும் லடாக் பெண்கள்; உறைந்த குளங்களில் ஆடிப் பழகியவர்கள். மகன் அந்தச் செய்தியைத் தன் தாயாருக்கு அனுப்பியிருந்தான். அவர் அதை என்னிடம் காட்டினார். எல்லோரும் பதக்கத்தைப் பார்ப்பார்கள். அவர் அந்தப் பெண்களின் கையில் இருந்த மட்டையைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தப் பிள்ளைகள் இதைக் கீழ வைக்காம இருக்கணும்" என்றார். கணவர் பக்கத்தில்தான் இருந்தார். தலையைக் குனிந்துகொள்ளவில்லை, மறுத்துப் பேசவுமில்லை. "இருக்கணும்" என்று அவரும் சொன்னார். அவ்வளவுதான்.

ஒத்த ரசனை வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. பதினோராவது பொருத்தம் ஒன்று உண்டு. ஆனால் அதை ஜாதகத்திலும் பார்க்க முடியாது, விளம்பரத்திலும் பார்க்க முடியாது. இருவருக்கும் ஹாக்கி பிடிக்குமா, இருவருக்கும் மலை பிடிக்குமா என்று ஒத்துப் பார்ப்பது வெறும் கணக்கு. அந்தக் கணக்கு நாலு வருஷத்தில் மாறிவிடும். தனக்குத் தெரியாத ஒன்றின் முன்னால் மற்றவரின் மாணவனாக உட்கார மனம் இருக்கிறதா, மற்றவர் தனக்காக எதைக் கீழே வைத்தார் என்று விசாரிக்கும் மனம் இருக்கிறதா என்பதுதான் பொருத்தம். அது கல்யாணத்துக்கு முன்னால் அமைவதல்ல. பின்னால், வெயிலிலும் பஸ்ஸிலும், வருஷாவருஷம் செய்துகொள்ள வேண்டியது.

வாசகர்களில் பலருக்குக் கல்யாணமாகி வெகு காலம் ஆகியிருக்கும். அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் உங்கள் துணையிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்த வீட்டுக்கு வருமுன் நீ எதை ஆசையாகச் செய்துகொண்டிருந்தாய்? பதில் உடனே வராது. காத்திருங்கள். அந்தப் பதில் எந்த ஊரின் பெயரைச் சொல்கிறதோ, அந்த ஊருக்கு டிக்கெட் எடுங்கள்.